உங்களுக்குத் தெரியுமா? பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்

ஜெருசலேமுக்குத் தென்மேற்கே, பெத்லகேமிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மேற்கில், ஒரு பள்ளத்தாக்கின் சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது பத்தீர். பாலஸ்தீன அரபு விவசாயிகளின் ஊர். மக்கள்தொகை சுமார் 5,000. பாலஸ்தீனம் என்றாலே செய்திகளில் பார்த்த இடிபாடும் புகையும்தான் நம் கண்முன் வருகின்றன. அதே மண்ணில் விடியற்காலையில் எழுந்து கத்தரிக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வாரம் பக்கம் முழுவதும் அவர்களுக்கு.

✦

"பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. காரணம் தண்ணீர். ஊர்ச் சுனையில் பாத்தியதை உள்ள பெரிய வகையறாக்கள் எட்டு. அரபியில் 'ஹமூலா' என்பார்கள். ஒரு வகையறாவுக்கு ஒரு நாள் என்று முறைத்தண்ணீர் போகிறது. எட்டாவது வகையறாவின் முறை முடிந்த பிறகுதான் மறுபடியும் முதல் வகையறா. ஏழு நாள் வாரத்துக்குள் இந்தக் கணக்கு அடங்காது. அதனால் ஊர் தன் வாரத்தை ஒரு நாள் நீட்டிக்கொண்டது.

✦

பங்கு எப்படி அளக்கிறார்கள்? ஊர்ச் சுனையின் பெயர் 'அய்ன் அல்-பலத்'. அதன் தண்ணீர் நேராக வயலுக்குப் போவதில்லை. ரோமானியர் காலத்துக் கல்தொட்டி ஒன்றில் வந்து விழுகிறது. இரவெல்லாம் சேர்கிறது. காலையில் வெட்டுக்குறி போட்ட கோல் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கி எடுக்கிறார்கள். ஈரம் எந்தக் குறிவரை ஏறியிருக்கிறதோ, அதுதான் அன்றைய இருப்பு. அதைத்தான் அன்றைக்கு முறை உள்ள வகையறாக்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு மடை திறக்கிறது. தண்ணீர் கல்வாய்க்காலில் இறங்கி, மேலடுக்குப் பாத்தியை நனைத்து, அங்கிருந்து கீழடுக்குக்குப் போகிறது. மோட்டார் இல்லை, மீட்டர் இல்லை. சரிவு இழுக்கிறது, தண்ணீர் போகிறது. ஈரக் கோல் எல்லோர் கண் முன்னாலும் இருப்பதால் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட இடமும் இல்லை.

✦

இந்த எட்டு நாள் முறையில் ஓர் அழகு இருக்கிறது. காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த முறை வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்த வகையறாவுக்கு அடுத்த முறை சனிக்கிழமை வரும், அதற்கடுத்தது ஞாயிறு. மறுபடி வெள்ளியில் வந்து நிற்க 56 நாள் ஆகும். வெள்ளி, ஜும்ஆ தொழுகை நாள். உறவினர் வீடு தேடி வரும் நாள். ஒரே வகையறா வெள்ளிதோறும் மண்வெட்டியும் கையுமாக நிற்கவேண்டிய சங்கடம் இந்த முறையில் வராது. ஏழு பங்காக வகுத்திருந்தால் வந்திருக்கும்.

✦

மலைச்சரிவில் சுனை எப்படி வந்தது? அந்த மலை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. குளிர்காலத்தில் பெய்யும் மழை பாறையின் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்குகிறது. ஓரிடத்தில் களிமண் கலந்த இறுகிய அடுக்கு குறுக்கிடுகிறது. அதற்குக் கீழே தண்ணீரால் போக முடியாது. பக்கவாட்டில் கசிந்து சரிவில் வெளியே வருகிறது. அப்படிக் கசிந்த இடத்தைத் தேடி, பாறையைக் குடைந்து உள்ளே சென்று, ஊற்றின் வாயைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் பழங்காலத்து மக்கள். ஜெருசலேமைச் சுற்றியுள்ள மலைகளில் இப்படிச் சுரங்கம் வெட்டிய சுனைகள் ஏராளம். மழை குளிர்காலத்து நாலைந்து மாதங்களில் பெய்து முடிந்துவிடும். கோடை முழுக்க ஒரு துளி கிடையாது. அந்த ஊரில் கோடைக்காய்கறி விளைகிறது என்றால் அது சுனையின் தயவு.

✦

பத்தீர் என்ற பெயரில் ஒரு பழைய போர் ஒளிந்திருக்கிறது. ரோமப் பேரரசுக்கு எதிராக யூதர்கள் கி.பி. 132இல் எழுந்தார்கள். தலைவர் சீமோன் பார் கொக்பா. அவருடைய கடைசிக் கோட்டையான பெத்தார் 135இல் விழுந்தது. அந்தப் பெத்தாரின் பெயர்தான் பத்தீர் என்று அரபு நாக்கில் தங்கியிருக்கிறது. கோட்டை இருந்த குன்று இன்றும் ஊரை ஒட்டியே உள்ளது. அரபு விவசாயிகள் அதற்கு இட்டு வழங்கிய பெயர் 'கிர்பத் அல்-யஹூத்', அதாவது யூதர்களின் பாழிடம். யார் வாழ்ந்து அழிந்த இடம் என்பதை மண்ணை உழுதவர்கள் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தப் பெயரே வழிகாட்டியாக இருந்தது.

✦

முற்றுகையிட்டவர்களும் அடையாளம் விட்டுச் சென்றார்கள். ஐந்தாவது மாசிடோனிகா, பதினோராவது கிளாடியா என்ற இரண்டு ரோமப் படையணிகளின் பெயர்கள் சுனைக்கருகே பாறையில் லத்தீன் எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன.

✦

அந்தக் கிளர்ச்சியில் அழிக்கப்பட்ட ஊர்கள் 985 என்று எழுதுகிறார் ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. அதன் பிறகுதான் ஹாட்ரியன் பேரரசர் யூதேயா மாகாணத்தின் பெயரை 'சிரியா பாலஸ்தீனா' என்று மாற்றினார்.

✦

1596. உதுமானியரின் வரிப் பதிவேட்டில் பத்தீர் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்கள் 24. கோதுமை, ஆடு, தேன்கூடு என்று வரி போட்டிருக்கிறார்கள். ஒரு பேரரசின் கணக்குப்பிள்ளை மலையேறி வந்து தேன்கூட்டைக் கணக்கில் சேர்த்ததால்தான் நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சிற்றூரை இன்று நம்மால் எட்டிப்பார்க்க முடிகிறது.

✦

பிரிட்டிஷ் ஆட்சியின் 1945ஆம் ஆண்டுக் கணக்கில் பத்தீரில் 1,050 பேர். ஊரின் நிலம் சுமார் 8,000 டூனம். டூனம் என்றால்? ஓர் ஆள் ஏர் பூட்டி ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்று துருக்கியர் வகுத்த அளவு. பின்னாளில் சரியாக 1,000 சதுர மீட்டர் என்று ஆக்கினார்கள். நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். 8,000 டூனம் சுமார் 2,000 ஏக்கர்.

✦

பத்தீரை எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தால் மலை முழுவதையும் யாரோ படிக்கட்டாகச் செதுக்கியதுபோலத் தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு வயல். ஒவ்வொரு வயலையும் தாங்குவது ஒரு கல்கட்டு. 'சின்ஸிலா' என்று அதற்குப் பெயர்; பன்மையில் 'சனாஸில்'. சுண்ணாம்போ சிமென்ட்டோ எதுவும் கிடையாது. பெரிய கல் அடியில், அடுத்த கல் இரண்டு கல்லின் சந்தில், சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் சல்லியும் பொடிக்கல்லும் கொட்டி, அதற்கு மேல் மண். மழைத்தண்ணீர் கல்லிடுக்கு வழியே கசிந்து வெளியேறும்; மண் மட்டும் உள்ளே தங்கும். பூச்சுப் பூசிய சுவராக இருந்தால் பின்னால் தேங்கும் தண்ணீர் ஒரே மழையில் சுவரைத் தள்ளிவிடும். கல்லைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. வயலைச் சுத்தம் செய்தாலே கல் குவிந்துவிடும். நிலத்துக்கு இடைஞ்சலாக இருந்ததை எடுத்து நிலத்துக்கே அணையாக்கிய வேலை அது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒருவர் வைத்த கல்லின் மேல் இன்னொருவர் கல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

✦

அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே குட்டிக் கோபுரங்கள் தெரியும். அவையும் பூசாத கல்தான். பெயர் 'மன்தரா', காவல் பார்க்கும் இடம். நம் சோளக்கொல்லைப் பரணின் வேலைதான் அதற்கும். கீழே இருட்டான குளிர்ந்த அறை. பறித்த பழத்தை அங்கே வைப்பார்கள். மேலே தழைப் பந்தல். அத்தியும் திராட்சையும் பழுக்கும் மாதங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பமே கோபுரத்துக்குக் குடிவந்துவிடும். பழத்துக்குக் காவல், பிள்ளைகளுக்குக் கோடைவிடுமுறை, மாடியில் காற்றாடத் தூக்கம்.

✦

நாம் மானாவாரி என்பதை அவர்கள் 'பஅல்' என்கிறார்கள். சுனைத் தண்ணீர் எட்டாத அடுக்குகளில் ஒலிவமும் திராட்சையும் பஅல் சாகுபடி. பஅல் யார்? இஸ்லாமும் கிறிஸ்தவமும் வருவதற்கு வெகு காலம் முன்னால் கானானியர் கும்பிட்ட மழைக்கடவுள். விவிலியத்தில் 'பாகால்' என்று வருகிறாரே, அவரேதான். கோயில் போய், பூசை போய், கும்பிட்டவர்களும் போய், பெயர் மட்டும் உழவனின் வாயில் நிற்கிறது. சந்தையில் 'பஅலி' தக்காளி என்று சொன்னால் ருசிக்கு வேறு சான்று கேட்கமாட்டார்கள்.

✦

பத்தீர் என்றதும் பாலஸ்தீனத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கத்தரிக்காய். 'பத்தீரி' என்றே அந்த ரகத்துக்குப் பெயர். நீண்டு மெலிந்தது, தோல் மெல்லியது, விதை குறைவு. அதற்கென்றே ஊரில் விழா எடுக்கிறார்கள். அந்தக் கத்தரிக்காயின் பெருமை தெரியவேண்டுமானால் 'மஹ்ஷி' செய்யும் கையைப் பார்க்கவேண்டும். காம்பை நறுக்கிவிட்டு, நீண்ட குழல் போன்ற ஒரு கத்தியைக் காய்க்குள் செருகி, உள்ளங்கையில் காயை உருட்டிக்கொண்டே திருப்புவார்கள். சதை சுருளாக வெளியே வரும். தோல் கிழியக்கூடாது, அடி ஓட்டையாகக்கூடாது. பிறகு அரிசியும் கொத்துக்கறியும் மசாலாவும் கலந்து விரலால் அடைப்பார்கள். முழுக்க அடைப்பதில்லை, அரிசி வெந்து பெருக ஒரு விரற்கடை இடம் விடவேண்டும். பானையில் நெருக்கமாக அடுக்கி, தக்காளிச் சாற்றில் மெல்லிய தீயில் விட்டுவிட்டால் மதியத்துக்குள் தயார். குடைந்தெடுத்த சதையும் வீணாகாது, தனியாக வதங்கும். தடித்த தோலும் நிறைய விதையும் உள்ள காயாக இருந்தால் இத்தனை பாடும் பலிக்காது.

✦

கத்தரி பிறந்தது நம் பக்கம். பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போனது. போகும்போது பெயரையும் எடுத்துக்கொண்டு போனது. வடமொழிச் சொல் பாரசீகத்தில் திரிந்து, அரபியில் 'பாதின்ஜான்' ஆனது. அரேபியர் அதை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் கொண்டுபோனார்கள். போர்ச்சுகீசியர் 'பெரின்ஜெலா' என்றார்கள். கப்பலேறி அவர்கள் இந்தியா வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்து இறங்கியது. நம் ஊர் ஓட்டல் பட்டியலில் 'பிரிஞ்சால்' என்று எழுதுகிறோமே, அது அப்படி உலகைச் சுற்றி வீடு திரும்பிய சொல்.

✦

ஒலிவப் பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையின் பெயர் 'ஜிஃப்த்'. பாலஸ்தீனக் கிராமங்களில் அது அடுப்புக்குப் போகும். 'தாபூன்' என்ற மண் அடுப்பைச் சுற்றிச் சாணமும் ஜிஃப்த்தும் போட்டு மூடிவிட்டால் இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். உள்ளே தரையில் கூழாங்கற்கள். சூடேறிய கல்லின் மேல் மாவை வீசினால் ரொட்டி வெந்து, அடியில் கல்லின் குழிகளோடு வெளியே வரும். அந்தக் குழிகளில் புது ஒலிவ எண்ணெய் தேங்கி நிற்கவேண்டும். மேலே எண்ணெயில் வதக்கிய வெங்காயமும் சுமாக் பொடியும் கோழியும் வைத்தால் 'முசக்கன்'. அறுவடை முடிந்து புது எண்ணெய் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சிக்குச் செய்யும் சாப்பாடு.

✦

1892 செப்டம்பரில் யாஃபா துறைமுகத்துக்கும் ஜெருசலேமுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பாலஸ்தீனத்தின் முதல் ரயில்பாதை. சுமார் 87 கிலோமீட்டர். ஜெருசலேமுக்கு முந்தைய கடைசி நிலையம் பத்தீர். கடலிலிருந்து வளைந்து வளைந்து மேலேறிய எஞ்சின் அந்த ஊரில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும். ஊரின் காலடியில் உள்ள பள்ளத்தாக்குக்கு 'வாதி அஸ்-ஸிக்கா' என்ற பெயரும் வந்துவிட்டது. தண்டவாளப் பள்ளத்தாக்கு என்று பொருள்.

✦

ரயில் வந்ததும் யாருடைய வாழ்க்கை அதிகம் மாறியது என்று கேட்டால், பத்தீர்ப் பெண்களுடையது என்றுதான் சொல்வேன். அதுவரை கழுதையிலும் தலைச்சுமையிலும் போன காய்கறி ரயிலேறியது. பறித்த காய் வாடும் முன்பே ஜெருசலேம் பழைய நகரின் சந்தையில் இருக்கும். பூத்தையல் போட்ட நீண்ட அங்கியோடு தரையில் கூடையைப் பரப்பி உட்கார்ந்து விற்றவர்கள் கிராமத்துப் பெண்கள். ஊருக்குள் காசு நடமாட்டம் வந்தது அந்தக் கூடைகளால்.

✦

இனிச் சொல்லப்போவது, அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறு.

1948. யூதர்களுக்கும் அரபியர்களுக்கும் இடையே போர். ஏப்ரலில் தைர் யாசீன் கிராமத்தில் நடந்த படுகொலைச் செய்தி மலையெங்கும் பரவியது. ஊர்கள் காலியாயின. பத்தீர் மக்களில் பெரும்பாலோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஹசன் முஸ்தஃபா, படித்தவர், பத்திரிகைகளில் எழுதியவர். ஊர் காலி என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்தால் ஊர் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இருட்டியதும் அந்தச் சிலர் வீடு வீடாகப் போய் விளக்கேற்றினார்கள். பகலில், ஆளில்லாத வீடுகளின் முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டார்கள். எதிர்மலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு சன்னலிலும் வெளிச்சம், ஒவ்வொரு கொடியிலும் நனைந்த துணி. ஊர் நிறைய ஆட்கள் இருப்பதாகத்தானே தோன்றும்?

காற்றில் ஆடும் அந்தத் துணிகளைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஓடிப்போன பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையை நனைத்துக் காயப்போட்டவர்களின் கை எப்படி நடுங்கியிருக்கும்!

✦

1949 ஏப்ரலில் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இஸ்ரேலுக்கு ஜெருசலேம் ரயில்பாதை முழுவதும் வேண்டும். அது பத்தீரின் நிலத்துக்குள் போகிறது. எல்லைக்கோடு ஊரின் நிலத்தை இரண்டாகப் பிளந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. ஹசன் முஸ்தஃபா இஸ்ரேல் தரப்போடு பேசினார். ரயிலுக்கு எங்கள் ஊரால் ஒரு கெடுதலும் வராது. பதிலுக்கு எங்கள் மக்கள் ஊர் திரும்பவேண்டும், கோட்டைத் தாண்டிப் போய்த் தங்கள் நிலத்தை உழவேண்டும் என்பது பேச்சு. ஒப்புக்கொண்டார்கள். வெளியேறியவர்கள் திரும்பினார்கள்.

அந்த வாக்கை ஊர் காப்பாற்றியது. 1967இல் பத்தீர் உள்ளிட்ட மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலின் பிடிக்குள் வந்த பிறகும் பத்தீர் விவசாயி வேலி இல்லாத எல்லையைக் கடந்து போய் ஒலிவம் பறித்தார். ரயிலும் தன்பாட்டுக்குப் போனது. பகை நடுவே இப்படியொரு ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

✦

ரயில் போனது, ஆனால் பத்தீரில் நிற்பது 1948உடன் முடிந்தது. நிலையக் கட்டடம் பாழாயிற்று. 1998இல் பாதையை மூடினார்கள், 2005இல் சீராக்கி மறுபடி ஓட்டினார்கள். ஜெருசலேமுக்கு வேறு வழியில் அதிவேக ரயில் வந்த பிறகு, 2020 முதல் பழைய பாதையின் அந்தப் பகுதியில் பயணிகள் ரயில் இல்லை.

✦

பத்தீர் மக்களைப்போல ஊர் திரும்பும் அதிர்ஷ்டம் பக்கத்து ஊர் அல்-வலஜாவுக்கு இல்லை. 1948 அக்டோபரில் அது காலியானது. மக்களால் திரும்ப முடியவில்லை. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய தங்கள் நிலத்திலேயே புதிதாக ஊர் கட்டிக்கொண்டார்கள். பழைய வீடுகளைக் கண்ணுக்கு நேரே எதிர்மலையில் பார்த்தபடி வாழ்ந்தார்கள். அந்த ஊரில் 'அல்-பதாவி' என்று ஓர் ஒலிவ மரம் இருக்கிறது. வயது பல ஆயிரம் ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். உலகின் மிகப் பழைய ஒலிவ மரங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

✦

அரபியில் 'ஸப்ர்' என்றால் பொறுமை. சப்பாத்திக்கள்ளிக்கும் பாலஸ்தீனத்தில் அதே வேர்ச்சொல்லில் 'ஸப்பார்' என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான், ஆனாலும் கிராமத்தார் அதைத் தோட்ட வேலியாக வளர்த்தார்கள். 1948இல் காலியான பாலஸ்தீன ஊர்கள் 400க்கும் மேல். வீடுகள் தரைமட்டமான பல இடங்களில் கள்ளிவேலி மட்டும் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. வரிசையாகக் கள்ளி நிற்கும் இடத்தைக் கண்டால், இங்கே ஒரு தோட்டம் இருந்தது, தோட்டத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது என்று கண்டுகொள்ளலாம்.

✦

விளக்கேற்றிய ஹசன் முஸ்தஃபா அதோடு ஓய்ந்துவிடவில்லை. போருக்குப் பிறகு ஊரைக் கூட்டி உழைக்க வைத்தார். சாலை வந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. 1961இல் காலமானார், ஐம்பது வயதைக்கூட அவர் தொடவில்லை.

✦

2000களில் புதுக் கவலை வந்தது. இஸ்ரேல் எழுப்பிவந்த பிரிவுச் சுவரின் பாதை பத்தீர் வழியாகக் குறிக்கப்பட்டது. வந்திருந்தால் வயல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், வாய்க்கால் நடுவில் அறுந்திருக்கும். ஊர் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கூடவே நின்றது, இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஜோர்டானியரும் சேர்ந்து நடத்தும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு. இன்னொரு திருப்பமும் நடந்தது. இஸ்ரேல் அரசின் சொந்த இயற்கை மற்றும் பூங்கா ஆணையமே, சுவர் வந்தால் இந்தப் பழைய அடுக்குவயல்கள் பாழாகும் என்று நீதிமன்றத்தில் சொன்னது. 2015 ஜனவரியில் அந்த இடத்துச் சுவர்த்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பூசாத கல்கட்டு கான்கிரீட் சுவரைத் தடுத்தது என்று நான் படித்த அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

✦

2014 ஜூன். கத்தார் நாட்டின் தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு, 'பாலஸ்தீனம்: ஒலிவமும் திராட்சையும் விளையும் நாடு' என்ற தலைப்பில் பத்தீரின் நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 349 ஹெக்டேர். பெத்லகேமின் பிறப்புத் தேவாலயத்துக்கு அடுத்து பாலஸ்தீனத்துக்குக் கிடைத்த இரண்டாவது இடம். முதலாவது, இயேசு பிறந்ததாகக் கும்பிடப்படும் கோயில். இரண்டாவது, கத்தரியும் புதினாவும் விளையும் பாத்தி. சேர்த்த அன்றே 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலிலும் போட்டார்கள்.

✦

ஆபத்து சுவரால் மட்டும் வருவதில்லை. அடுக்குவயல் வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. இளைஞர்கள் கூலிக்கும் சம்பளத்துக்கும் வெளியே போகிறார்கள். ஆள் போகாத அடுக்கில் முள் ஏறுகிறது. ஒரு கல் சரிந்ததும் எடுத்து வைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. விட்டால் அடுத்த மழையில் ஐந்து கல். அதற்கடுத்த மழையில் அடுக்கு முழுவதும் கீழடுக்கின் மேல் வந்து விழும்.

✦

2024 ஆகஸ்டில் இஸ்ரேல் அரசு 'நஹால் ஹெலெட்ஸ்' என்ற புதுக் குடியேற்றத்துக்கு எல்லை குறித்து அறிவித்தது. சுமார் 60 ஹெக்டேர். அது வருவது பத்தீரின் பாரம்பரிய நிலப்பகுதிக்குள். மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டும் குடியேற்றங்கள் பன்னாட்டுச் சட்டத்துக்கு விரோதமானவை என்று சர்வதேச நீதிமன்றம் அதற்கு முந்தைய மாதம்தான் கருத்துரைத்திருந்தது. 1948இல் கொடியில் துணி காயப்போட்டு மிஞ்சிய ஊர், மறுபடியும் அதே நிலத்துக்காக நிற்கவேண்டியிருக்கிறது. எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

✦

கடைசியாக ஒன்று. குளிர்கால மழை ஓய்ந்து, கோடைக் கத்தரிக்கு நாற்று விடும் முன், பத்தீர் விவசாயிக்கு ஒரு வேலை உண்டு. அடுக்கு அடுக்காக நடந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பது. சரிந்த கல் பெரும்பாலும் அங்கேயே கீழே கிடக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த முகம் உள்ளே போகவேண்டும் என்று முடிவுசெய்து, இரண்டு கல்லின் சந்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அசைத்துப் பார்ப்பார். ஆடினால் பின்னால் ஒரு சில்லுக் கல். ஆடாவிட்டால் அடுத்த அடுக்குக்கு இறங்குவார்.